மலைவாசஸ்தலத்தில் வராதது மருத்துவமனையில் வந்ததே!

கேள்வி: எனக்கு 38 வயது. திருமணமாகிப் பதிமூன்று ஆண்டுகள். இருவரும் வேலைக்குப் போகிறோம், ஒரு மகன் இருக்கிறான். சண்டை சச்சரவு என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் பேச்செல்லாம் "பில் கட்டியாச்சா? பையனை யார் கூப்பிடுறது?" என்பதோடு முடிந்துவிடுகிறது. இதை மாற்றத்தான் சமீபத்தில் மூன்று நாள் மலைவாசஸ்தலத்துக்குப் போனோம். நல்ல அறை, ஜன்னலைத் திறந்தால் பனி. ஆனால் எதிரெதிரே உட்கார்ந்தால் என்ன பேசுவதென்றே தெரியவில்லை. படம் எடுத்தோம், திரும்பி வந்தோம்.

போன மாதம் மாமியாருக்கு ஒரு ஸ்கேன். ரிப்போர்ட்டுக்காக நானும் கணவரும் மருத்துவமனை நடைபாதையில் பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். எதிர்ச் சுவரில் தப்பும் தவறுமாக ஓர் அறிவிப்புப் பலகை. அதை அவர் மெதுவாக வாசித்துக் காட்ட, எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அங்கிருந்து ஆரம்பித்து என்னென்னவோ பேசினோம். எப்போது அவர் தோளில் சாய்ந்தேன் என்றே தெரியவில்லை. ரிப்போர்ட்டும் நல்லபடியாக வந்தது. வீடு வந்து சேரும்வரை பேச்சு ஓயவில்லை. மறுநாள் எல்லாம் பழையபடி.

எனக்கு ஏதாவது கோளாறா? மாமியார் உள்ளே படுத்திருக்க, வெளியே இப்படிச் சிரித்தது தப்பா? "உன்னோட இருந்தா எங்க இருந்தா என்ன" என்று அவர் அடிக்கடி சொல்வார். அது உண்மையா, இல்லை செலவைத் தவிர்க்கும் சாக்கா? அந்த இரண்டு மணி நேரத்தைத் திரும்பப் பெற வழி உண்டா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புள்ள தோழிக்கு,

உங்களுக்குக் கோளாறு எதுவும் இல்லை. ஆலோசனைக்கு வரும் தம்பதிகளிடம், "கடைசியாக எப்போது ஒருவருக்கொருவர் நெருக்கமாக உணர்ந்தீர்கள்?" என்று நான் கேட்பது வழக்கம். கடற்கரை, நட்சத்திர விடுதி என்று பதில் வருவது அபூர்வம். கரண்ட் போன ராத்திரி, வண்டி பஞ்சராகி நின்ற சாலையோரம், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கக் காத்திருந்த வராண்டா, இப்படித்தான் சொல்வார்கள். சொல்லும்போதே கொஞ்சம் கூச்சம் வேறு. "இதெல்லாம் கணக்கில் வருமா?" என்று பாதிப் பேர் கேட்பார்கள். தாராளமாக வரும்.

மாமியார் உள்ளே இருக்கச் சிரித்தீர்கள் என்ற குற்ற உணர்ச்சியை விட்டுவிடுங்கள். பயத்தில் இருக்கும் இரண்டு பேர் சேர்ந்து சிரிப்பது மரியாதைக் குறைவு ஆகாது. பயத்தைத் தாங்குவதற்கு மனிதர்களிடம் இருக்கும் வழிகளில் அதுவும் ஒன்று.

அந்தப் பயத்துக்கும் அன்றைய நெருக்கத்தில் பங்கு உண்டு என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 1974-இல் டொனால்ட் டட்டன், ஆர்தர் ஆரன் என்ற இரண்டு உளவியலாளர்கள் கனடாவில், வான்கூவருக்கு அருகே உள்ள கப்பிலானோ தொங்குபாலத்தில் ஓர் ஆய்வு செய்தார்கள். ஆழமான பள்ளத்தாக்கின் மேலே ஆடும் பாலம் அது. கடந்து வரும் ஆண்களிடம் ஓர் இளம்பெண் சில கேள்விகள் கேட்டுவிட்டு, விவரம் வேண்டுமானால் கூப்பிடுங்கள் என்று தொலைபேசி எண் கொடுத்தார். தாழ்வான, உறுதியான வேறொரு பாலத்திலும் இதையே செய்தார்கள். ஆடும் பாலத்தில் அவரைச் சந்தித்தவர்கள்தான் பிறகு அதிகம் கூப்பிட்டார்கள். நெஞ்சு படபடக்கும்போது பக்கத்தில் இருப்பவர் மேல் ஈர்ப்பு கூடுகிறது என்பது அவர்கள் கொடுத்த விளக்கம். உங்கள் விஷயத்தில் ஸ்கேன் ரிப்போர்ட் அந்தப் பாலத்தின் வேலையைக் கொஞ்சம் செய்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. 2014-இல் அமித் பட்டாச்சார்ஜி, காசி மொகில்னர் இருவரும் வெளியிட்ட ஆய்வின்படி, இளையவர்களுக்கு அபூர்வமான அனுபவங்கள் அதிக மகிழ்ச்சி தருகின்றன. தமக்கு முன்னால் இருக்கும் காலம் குறைவு என்று உணர்கிறவர்களுக்கோ, அன்றாடச் சின்ன அனுபவங்களும் அதே அளவுக்கு மகிழ்ச்சி தருகின்றன. மருத்துவமனை நடைபாதையை விடக் காலம் குறைவு என்று நினைவுபடுத்தும் இடம் வேறு எது?

ஆனால் எல்லாப் புகழையும் பயத்துக்கோ, பயம் தீர்ந்த நிம்மதிக்கோ கொடுத்துவிட முடியாது. உங்கள் கடிதத்தை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். ரிப்போர்ட் வந்த பிறகு சிரிக்கவில்லை, அதற்கு முன்பே சிரித்துவிட்டீர்கள். அப்படியானால் அந்த நாற்காலியில் என்ன இருந்தது?

முதலாவது, அங்கே உங்களுக்கு வேலை இல்லை. வீட்டில் உட்கார்ந்தால் மடிக்காத துணி கண்ணில் படும், காலியான தண்ணீர்க் குடம் கண்ணில் படும். அவருக்கு அலுவலக அழைப்பு வரும். பேச ஆரம்பித்த வாக்கியத்தைப் பாதியில் விட்டு எழுந்து போக வீட்டில் ஆயிரம் காரணம் இருக்கிறது. டோக்கன் கையில் இருக்கும் மனிதருக்கு எழுந்து போக வழியே இல்லை. உங்களுடைய பதிமூன்று வருட வாழ்க்கையில், இருவரும் விழித்திருந்து, இருவருக்கும் வேறு வேலை இல்லாமல், ஒரே இடத்தில் இரண்டு மணி நேரம் இருந்தது கடைசியாக எப்போது என்று யோசியுங்கள். மலைவாசஸ்தலத்தில் இருந்தோமே என்பீர்கள். அங்கே உங்களுக்கு ஒரு பெரிய வேலை இருந்தது. சந்தோஷமாக இருந்தே ஆக வேண்டும் என்பதே அந்த வேலை.

இரண்டாவது, பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். விடுதி மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே பேச வேண்டும். நேர்முகத் தேர்வுக்குக்கூட அப்படித்தான் உட்கார வைக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்தால் இருவர் கண்ணும் ஒரே பக்கம் பார்க்கும். வாயைத் திறந்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. பேச்சு விட்டுப்போனால் அந்த மௌனம் உறுத்துவதில்லை. நீண்ட பேருந்துப் பயணத்திலும் வண்டி ஓட்டும்போதும் பலர் மனம்விட்டுப் பேசுவது இதனால்தான். குறிப்பாக ஆண்கள். என்னிடம் வரும் கணவர்களில் பலர், எதிரே உட்கார்ந்து "சொல்லுங்க" என்றால் மழுப்புவார்கள். கிளம்பும்போது படிக்கட்டில் சேர்ந்து இறங்கினால் உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. சுற்றிலும் அந்நியர்கள் இருந்தார்கள். தனிமை கிடைத்தால்தான் காதல் வரும் என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொள்கிறோம். கூட்டத்துக்கு நடுவே இருவருக்கு மட்டும் புரிகிற ஒரு சிரிப்பு இருக்கிறதே, அது தரும் நெருக்கம் தனி வகை. அந்த அறிவிப்புப் பலகையை அன்று நூறு பேர் பார்த்திருப்பார்கள். அதில் சிரிக்க ஒரு விஷயம் இருந்தது உங்கள் இருவருக்கு மட்டும்தான். பனி மூடிய மலையைப் பார்த்துச் சொல்வதற்கு எல்லோரிடமும் ஒரே வாக்கியம்தான் இருக்கிறது. "எவ்வளவு அழகு!" அதற்கு மேல் பேச்சு எங்கே வளரும்? அழகில்லாத இடத்தில், எது வேடிக்கை என்று நீங்களே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. தேடும்போது ஒருவர் ரசனை மற்றவருக்குத் தெரிய வருகிறது. பதிமூன்று வருடத்துக்கு முன் நீங்கள் அவரைப் புரிந்துகொண்டதும் இப்படித்தானே?

காதல் முளைக்கும் இடங்களும் பெரும்பாலும் பகட்டில்லாதவைதான். அமெரிக்கச் சமூகவியலாளர் ஜேம்ஸ் போசார்ட், பிலடெல்பியா நகரில் 1931-இல் வழங்கப்பட்ட 5,000 திருமண உரிமங்களை எடுத்து, மணமக்களின் முகவரிகளை ஒப்பிட்டுப் பார்த்தார். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஜோடிகள் ஐந்து தெருத்தொகுதிகளுக்குள்தான் குடியிருந்தார்கள். யாரும் காதலைத் தேடி மலையேறவில்லை. கடைக்கும் வேலைக்கும் போகும் வழியில் இருந்த ஆளைத்தான் பலர் பார்த்திருக்க வேண்டும். இன்று கைபேசி செயலிகள் வந்து கதை மாறியிருக்கலாம். ஆனால் அலுவலக லிஃப்ட்டையும் நூலக மேஜையையும் பேருந்து நிறுத்தத்தையும் இன்னும் யாரும் மூடிவிடவில்லை.

சரி, அப்படியானால் பயணமே வேண்டாமா? அப்படி நான் சொல்லவில்லை. புதிய அனுபவம் தம்பதிகளுக்கு நல்லது என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. அந்தத் தொங்குபால ஆரனே 2000-இல் தன் குழுவினரோடு வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கணவன் மனைவி இருவரின் ஒரு பக்கத்து மணிக்கட்டையும் கணுக்காலையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். உடற்பயிற்சிப் பாயில் தவழ்ந்து போய், நடுவே இருக்கும் தடுப்பைத் தாண்டி, கையால் தொடாமல் ஒரு தலையணையைத் தங்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு வர வேண்டும். மொத்தமே ஏழு நிமிட வேலை. அதைச் செய்து முடித்தவர்கள், சலிப்பான வேலையைச் செய்த தம்பதிகளை விடத் தங்கள் உறவைப் பற்றி மேலாகச் சொன்னார்கள். கவனியுங்கள், அது ஓர் ஆய்வுக்கூடம். ஜன்னலுக்கு வெளியே பனி எதுவும் இல்லை. இருவரும் சேர்ந்து ஒரு புதிய காரியத்தில் திணறினார்கள், அவ்வளவுதான்.

உங்கள் பயணத்தில் திணறுவதற்கு எதுவும் இல்லாமல் போயிருக்கலாம். விடுதிக்காரர்கள் எல்லாவற்றையும் செய்து கொடுத்துவிடுகிறார்கள். அடுத்த முறை போனால் ஒரு நாளையாவது திட்டமில்லாமல் விடுங்கள். வழி தவறினால் தவறட்டும்.

இப்போது நான் முக்கியமாக நினைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் வரும் "பில் கட்டியாச்சா? பையனை யார் கூப்பிடுறது?" என்ற வரியில் உங்கள் வீட்டு நிர்வாகம் முழுவதும் தெரிகிறது. வேலைகளைக் கச்சிதமாகப் பிரித்து வைத்திருக்கிறீர்கள். அவர் வங்கிக்குப் போனால் நீங்கள் கடைக்குப் போவீர்கள். அவர் வண்டியை சர்வீஸுக்கு விடும் நேரத்தில் நீங்கள் மகனோடு பல் மருத்துவரிடம் இருப்பீர்கள். நேரம் மிச்சம், சந்தேகமே இல்லை. நானும் பல வீடுகளுக்கு வேலையைப் பிரித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். ஒருவரே எல்லாவற்றையும் சுமக்கும் வீட்டில் அதுதான் சரியான மருந்து. ஆனால் நன்றாகப் பிரித்துக்கொண்ட வீடுகளில் வேறொன்று நடக்கிறது. வீட்டுக்கு வெளியே கணவனும் மனைவியும் சேர்ந்து நிற்கும் இடமே இல்லாமல் போகிறது. மிச்சம் பிடித்த நேரத்தில் காதலிக்கலாம் என்றால், அந்த நேரம் ஒருபோதும் கைக்கு வருவதில்லை. இன்னொரு வேலை வந்து அதில் உட்கார்ந்துகொள்ளும்.

அதனால் நான் சொல்லும் வழி இதுதான். சில வேலைகளை மட்டும் வேண்டுமென்றே பிரிக்காதீர்கள். ஒருவர் போதும் என்ற இடத்துக்கு இருவராகப் போங்கள். வண்டியை சர்வீஸுக்கு விட்டுவிட்டு நடந்து திரும்புவது, கண் பரிசோதனைக்குத் துணையாகப் போய்ப் பொருத்தமே இல்லாத கண்ணாடிச் சட்டங்களை மாட்டிப் பார்ப்பது, மொட்டை மாடியில் துணி எடுப்பது, ஊரிலிருந்து வருபவரை அழைத்து வர ரயில் நிலையத்துக்குக் கொஞ்சம் முன்னதாகவே போய் நிற்பது. காத்திருப்போ, நடையோ, கைவேலையோ இருக்கும் இடமாகப் பாருங்கள். அந்த நேரத்தில் கைபேசி பைக்குள் இருக்கட்டும். இருவரும் ஆளுக்கொரு திரையைப் பார்த்துக்கொண்டு டோக்கன் எண்ணுக்குக் காத்திருந்தால், அது வெறும் வரிசைதான்.

"இன்று நமக்குக் காதல் நேரம்" என்று பெயர் சூட்டிவிடாதீர்கள். பெயர் வைத்தால் மலைவாசஸ்தலத்தின் சுமை இங்கேயும் வந்து ஏறிக்கொள்ளும். பாதி முறை எதுவும் நடக்காது. கடைக்குப் போவீர்கள், வாங்குவீர்கள், வருவீர்கள். ஒரு நாள் அவருக்குத் தலைவலி, இன்னொரு நாள் உங்களுக்கு எரிச்சல். பரவாயில்லை.

அங்கே போய் என்ன பேசுவது என்று கேட்டால், பேச்சைத் தயாரித்துக்கொண்டு போக வேண்டாம். அவர் ஏதாவது சொன்னால் திரும்பிப் பாருங்கள், அது போதும். ஜான் காட்மன் என்ற அமெரிக்க உளவியலாளர், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வீடு போலவே அமைத்த ஆய்வுக்கூடத்தில் புதுமணத் தம்பதிகளைத் தங்க வைத்துக் கவனித்தார். "அங்கே பார், படகு போகுது" என்கிற மாதிரிச் சின்னச் சின்ன அழைப்புகளுக்கு மற்றவர் திரும்பினாரா, கண்டுகொள்ளவில்லையா என்று பார்த்தார். ஆறு ஆண்டுகள் கழித்து, சேர்ந்து வாழ்ந்துகொண்டிருந்தவர்கள் அன்று 86 சதவீத அழைப்புகளுக்குத் திரும்பியிருந்தார்கள். பிரிந்துவிட்டவர்கள் 33 சதவீதம்தான். உங்கள் கணவர் அறிவிப்புப் பலகையை வாசித்தது அப்படி ஓர் அழைப்பு. நீங்கள் சிரித்துவிட்டீர்கள். வீட்டிலும் அவர் இப்படி எதையாவது சொல்லிக்கொண்டுதான் இருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் துணி மடித்துக்கொண்டே "ம்" என்றிருப்பீர்கள். நீங்கள் ஏதாவது சொன்னபோது அவரும் "ம்" என்றிருப்பார்.

"எங்க இருந்தா என்ன" என்பது சாக்கா என்ற கேள்விக்கு அவரைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் நீங்களே கண்டுபிடிக்கலாம். அப்படிச் சொல்பவர் கூப்பிட்டால் வருகிறாரா? வந்த இடத்தில் உங்களோடு இருக்கிறாரா, இல்லை நீங்கள் பட்டியலைப் பார்த்துப் பொருள் எடுக்க, அவர் தள்ளுவண்டியில் சாய்ந்து வீடியோ பார்க்கிறாரா? நீங்கள் போன வாரம் சொன்ன ஒரு சின்ன விஷயத்தை நினைவில் வைத்து இந்த வாரம் கேட்கிறாரா? இருந்த இடத்திலேயே காதல் உண்டு என்பவர் இருந்த இடத்தில் அதைக் காட்ட வேண்டும். காட்டாமல் தத்துவம் மட்டும் பேசினால் சாக்குதான், அதை நேராகவே சொல்லிவிடுங்கள். நடைபாதையில் அவர் நடந்துகொண்டதை வைத்துப் பார்த்தால் எனக்கு அவர்மேல் நம்பிக்கை இருக்கிறது. அதே சமயம், அவர் காட்டுகிறார் என்பதற்காக நீங்கள் பயண ஆசையை அடக்கிக்கொள்ளவும் வேண்டாம். கடலைப் பார்க்க ஆசைப்படுவது பேராசை ஆகாது.

ஒரு சின்ன யோசனை. அன்றைய பேச்சில் நினைவிருப்பதை எங்காவது எழுதி வையுங்கள். அந்த அறிவிப்பில் இருந்த எழுத்துப் பிழை உட்பட. 2014-இல் டிங் ஜாங் என்ற ஆய்வாளரும் சக ஆய்வாளர்களும் சிலரை அன்றைய சாதாரண விஷயங்களை, அண்மையில் நடந்த உரையாடல் போன்றவற்றை, பதிவு செய்ய வைத்தார்கள். பிற்பாடு அவற்றைத் திரும்பப் பார்ப்பது எவ்வளவு சுவாரசியமாக இருக்கும் என்று அவர்களையே கணிக்கச் சொன்னார்கள். மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, கணித்ததை விட அதிகமாகவே ரசித்தார்கள். விசேஷ நாட்களை நாம் எப்படியும் படமெடுத்து வைத்துவிடுகிறோம். சாதாரண நாட்கள்தான் தடமில்லாமல் போய்விடுகின்றன.

கடைசியாக, இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். திடீரென்று "நானும் வரேன்" என்று வங்கிக்குக் கிளம்பினால், தன் மேல் நம்பிக்கை இல்லாமல் கணக்குப் பார்க்க வருகிறீர்கள் என்று அவர் நினைக்கக்கூடும். "நீ எதுக்கு அலையணும், நான் பாத்துக்கறேன்" என்று அக்கறையோடு தடுக்கவும் செய்யலாம். அதனால் காரணத்தைச் சொல்லிவிடுங்கள். "அன்னிக்கு ஆஸ்பத்திரில உங்களோட உக்காந்திருந்தது எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது. அதுக்காகத்தான் வரேன், உதவிக்கு இல்ல" என்று அப்படியே சொல்லலாம். அவருக்கும் பிடித்திருந்ததா என்று அதே மூச்சில் கேட்டு மடக்காதீர்கள். ஆண்களில் பலருக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தயாராக இருக்காது. வங்கியில் கூட்டம் இருக்கும், டோக்கன் வர நேரமாகும். அவரே ஆரம்பித்தால் ஆரம்பிக்கட்டும்.